மனு எண் நூற்றுப் பதினேழு

இருபத்திரண்டு வயதில் சுருக்கெழுத்தாளராகச் சட்டசபைச் செயலகத்துக்குள் நுழைந்தவர், முப்பது வருடத்தில் துணைச் செயலாளர் ஆனார். விதிப் புத்தகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "சபாநாயகருக்குத் தும்மல் வந்தாக்கூட, எந்த விதிப்படி தும்மலாம்னு இந்தம்மாகிட்டதான் கேக்கணும்" என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள். 'விதியம்மா' என்ற பட்டப்பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

பொதுமக்களின் மனுக்களை வரிசைப்படி சபைக் குழுவின் முன் வைப்பது அவர் பொறுப்பு. ஒரு நாள் சொந்த அக்காவே மனுவோடு வந்து நின்றாள். அவள் தெருக்கோடியில் ரயில் பாதை குறுக்கிடுகிறது, கேட் கிடையாது. வளைவுக்கு அந்தப்பக்கம் வண்டி வருவதும் தெரியாது. தெருவே திரண்டு கையெழுத்துப் போட்டிருந்தது.

"கொஞ்சம் முன்னாடி எடுத்து வையேன்டி. உங்க அத்தானுக்குக் காது வேற மந்தம். தினமும் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு அதைத்தான் தாண்டுறாரு."

"உனக்காக இதை மேல வச்சா, ஏற்கெனவே காத்திருக்கறவங்களுக்கு நான் என்னக்கா பதில் சொல்றது?"

நூற்றுப் பதினேழு என்று எண் போட்டு அடுக்கில் வைத்தார்.

தொண்ணூற்று நான்காவது மனுவைக் குழு விசாரித்துக்கொண்டிருந்தபோது ஆளுங்கட்சி உடைந்து, சபை கலைந்தது. சபை கலைந்தால் நிலுவையில் உள்ள மனுக்கள் அத்தனையும் செல்லாது. அந்த அறிவிப்பை எழுதிக் கையெழுத்திட்டதும் அவரேதான். அக்காவைப் போனில் கூப்பிட்டு, "புது சபை வந்ததும் திரும்பக் குடு" என்றார். அக்கா "சரி" என்று மட்டும் சொன்னாள்.

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கையில் அத்தான் ரயிலில் அடிபட்டு இறந்தார்.

சாவு வீட்டில் தங்கை கதறியபோது, அக்கா கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. "உனக்கு ஆபீசுக்கு நேரமாகுதுல்ல? கிளம்பு" என்றாள்.

புதிய சபையின் முதல் கூட்டத்திலேயே ஓர் உறுப்பினர் அந்த விபத்தைப் பற்றி ஆவேசமாகப் பேசினார். கேட் வந்துவிட்டது. இந்த முறை யாரும் மனு கொடுக்கவே இல்லை. அந்தப் பேச்சின் பதிவு சரிபார்ப்பதற்காக விதியம்மாவின் மேசைக்கு வந்தது. அதில் அத்தானைப் பற்றி 'யாரோ ஒரு பெரியவர்' என்றிருந்தது. பேசியதை மாற்ற அதிகாரிக்கு உரிமையில்லை. அப்படியே சுருக்கொப்பமிட்டு அனுப்பினார்.

அடுத்த வருடம் கூடுதல் செயலாளர் பதவி கிடைத்தது; அந்தப் பதவியிலேயே ஓய்வும் பெற்றார்.

இப்போது ஞாயிறுதோறும் அக்கா வீட்டுக்குப் போகிறார். அக்கா கதவைத் திறக்கிறாள், நாற்காலியைக் காட்டுகிறாள். இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். "வரேன்கா" என்று இவர் எழுந்தால், அக்கா தலையை மட்டும் ஆட்டுகிறாள்.