பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோன இருபத்துமூன்று வசனங்கள்

பஸ் ஆறேகாலுக்குத்தான். ஆனால் சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கே முக்கூடல் நிறுத்தத்தில் போய் நின்றுவிட்டேன். என்ன செய்ய, சந்தோஷம் வீட்டில் இருக்கவிடவில்லை! எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எஸ்தர் இதை எழுதுகிறாள். என் பேச்சை அச்சில் வருகிற மாதிரி திருத்திக்கொள்கிறாள். அன்றைக்கு அவரவர் வாயால் பேசியதை மட்டும் அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஆறு பெண்கள் மத்தியானத்தில் பீடி சுற்றிக்கொண்டே பைபிள் வேதபாடம் படிக்கிறோம். ஒருத்தி இரண்டு வசனம் வாசித்துவிட்டுத் தன் பீடித்தட்டை மடியில் எடுத்துக்கொள்வாள். பிறகு கை சுற்றும், வாய் பேசும். எங்களை நடத்திய டீச்சரம்மா மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். தலைவி இல்லாத குழுவைச் சபையார் கலைத்து, கோயிலில் நடக்கும் பெரிய குழுவோடு சேர்த்துவிடுவார்களாம். அங்கே பீடித்தட்டோடு போய் உட்கார முடியுமா? அன்றாடக் கூலியை விட்டுவிட்டு எவள் போவாள்? அதனால் ஐந்து பேரும் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். பாளையங்கோட்டையில் ஒரு முழு அதிகாரத்தை மனப்பாடமாகச் சொல்லி, அதை விளக்கவும் செய்தால் தலைவியாக ஏற்பார்கள்.

எனக்கு வந்தது, அப்போஸ்தலர் சிறையிலிருந்து எழுதிய நிருபக் கடிதத்தின் கடைசி அதிகாரம். விலங்கு போட்ட கையோடு உட்கார்ந்துகொண்டு, இருப்பதில் நிறைவாக வாழப் பழகிவிட்டேன் என்கிறாரே, அதுதான். இருபத்துமூன்று வசனம். எஸ்தர் வாசிப்பாள், நான் ஒரு பீடிக்கு ஒரு வசனமாகச் சுற்றிச் சுற்றிப் படித்தேன். ஒரு கட்டுக்கு இருபத்தைந்து பீடி. மிச்சம் இரண்டில் ஒன்று தொடக்க ஜெபத்துக்கு, ஒன்று ஆமெனுக்கு. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

பஸ் சரியாக வந்தது. டிக்கெட் இருபத்தைந்து ரூபாய்.

“என்ன ஆச்சி, இம்புட்டுக் காலையில? கல்யாண வீடா?” என்றார் கண்டக்டர்.

“பரீச்சைக்குப் போறேன் அண்ணாச்சி.”

“எத்தனாங் கிளாஸு?”

“நீரு விட்ட கிளாஸுக்கு அடுத்த கிளாஸு.”

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு ஜன்னலோர இருக்கையைக் காட்டினார். வெளியே நடவு முடிந்த வயல்கள். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே கொக்குகள் வெள்ளை வேட்டி உலர்த்தினது போல நின்றன. நாற்பது வருஷம் இந்த வழியில் போயிருக்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று தோன்றியது. முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் துக்க வீட்டுக்கும்தானே போனேன்!

பேட்டையில் ஏறிய முஸ்லிம் அம்மா ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்தார். என் உதடு அசைவதையே பார்த்தவர், “என்ன ஓதுதிய?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

“அல்லா லேசாக்கித் தருவான். நான் துவா செய்யுதேன். நீங்க மொதல்ல தண்ணி குடிங்க, நாக்கு ஒட்டிக்கிடப்போவுது” என்று தன் பாட்டிலையே நீட்டினார்.

ஏழரை மணிக்கு ஜங்ஷன். டீ பன்னிரண்டு ரூபாய், வடை பத்து ரூபாய். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது தாமிரபரணியில் ஒரு அம்மாள் போர்வையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். என் நெஞ்சும் அப்படித்தான் அடித்தது.

ஒன்பதரைக்குக் கூட்டம் தொடங்கியது. நாற்பது பேர் இருப்பார்கள். எல்லார் கையிலும் புத்தகம், பேனா, அடிக்கோடு போட வண்ணப் பென்சில். நடுவில் ஐயரம்மா. எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. பக்கத்தில் பதிவேட்டோடு ஒரு கண்ணாடிக்கார அம்மாள்.

பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று வசனம் கடகடவென்று சொன்னேன். நான்காவது வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அதே இடம், அதே சுவர்! மடியில் என் இரண்டு கையும் யாருடையதோ மாதிரி கிடந்தன. முக்கூடலில் ஐந்து பேர் காத்திருப்பது நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது.

“வாசிக்கத் தெரியாதவங்களுக்குக் கஷ்டந்தாம்மா. அடுத்த ஆளக் கூப்பிடட்டா?” என்றார் கண்ணாடிக்கார அம்மாள்.

பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாக, “பீடி சுத்துத கைக்கு வேதம் எங்க ஏறும்?” என்றது.

கோபம் வரவேண்டும். எனக்கோ விஷயம் புரிந்து சிரிப்புதான் வந்தது.

“தாயி, நல்லா இரு! அந்தக் கைலதான் இருக்கு எல்லாம். எனக்கு இலை குடுங்க.”

யாருக்கும் புரியவில்லை. பின் வராந்தாவில் சாப்பாட்டுக்கு வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்ததை நான் வரும்போதே பார்த்திருந்தேன். அதைச் சொன்னேன். ஐயரம்மா தானே எழுந்துபோய் நறுக்கிப் போட்ட ஓரங்களை அள்ளிக்கொண்டு வந்தார். ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றினேன், தொடக்க ஜெபம். அடுத்தது முதல் வசனம். நான்காவது துண்டைச் சுருட்டியபோது மூன்றாம் வசனம் முடிந்தது, ஐந்தாவதை எடுக்கும்போதே நான்காவது வாயில் வந்து நின்றது! பிறகு நான் எங்கே நிறுத்தினேன்? முன்வரிசைப் பெண்கள் இலையைக் கிழித்துக் கிழித்து நீட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆமென் சொன்னபோது மடியில் இருபத்தைந்து பச்சைப் பீடி.

“ஒப்பிச்சாச்சு ஆச்சி. அந்த நிறைவுங்கத எப்படி வெளக்குவிய?” என்று கேட்டார் ஐயரம்மா.

“நான் எங்க வெளக்க அம்மா? எங்க தெருவுல கேள்விதான் கேப்பேன். இன்னைக்கு இந்த வசனம் உன் வீட்டுல எங்க இருந்துச்சுன்னு கேப்பேன். போன வாரம் ஒருத்தி சொன்னா, இலை பூராம் ஓட்டையா வந்துச்சாம். அழுதுட்டு உக்காரல. நல்ல பக்கமாப் பாத்து வெட்டி, வெட்டி, பொழுதுக்குள்ள கட்ட முடிச்சிட்டா. நிறைவுன்னா கையக் கட்டிட்டு உக்காருதது இல்லேன்னு சொன்னா. அன்னைக்கு வந்த இலையில அன்னைக்கு உள்ள வேலையச் செய்யுததுதானாம். அப்போஸ்தலரும் ஜெயில்ல சும்மா உக்காரலியே, லெட்டர்லா எழுதினாரு?”

பின்னாலிருந்து பேசிய அந்தப் பெண் பேனாவைத் திறந்து, “ஆச்சி, அந்தக் கேள்விய இன்னொருக்கா சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்” என்றாள்.

“பதிவேட்டுல தலைவின்னு போடக் கையெழுத்து வேணுமேம்மா” என்று இழுத்தார் கண்ணாடிக்கார அம்மாள்.

“மை டப்பாவ எடுங்க” என்றார் ஐயரம்மா.

பென்ஷன் விஷயமாகவும் ரேஷன் கடையிலும் எத்தனையோ முறை பெருவிரலை நீட்டியிருக்கிறேன். உடனே சேலையில் துடைத்து மறைத்துக்கொள்வேன். அன்றைக்குத் துடைக்கவில்லை. சாம்பார், கூட்டு, பாயசத்தோடு சாப்பிடும்போதுகூட மை அழியாமல் நாலு விரலால்தான் சாப்பிட்டேன் என்றால் பாருங்கள்! மூன்று மணிக்குக் கிளம்பி, ஜங்ஷனில் கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பாளையங்கோட்டையில் வேதத்தை மேசைமேல் விரித்து வைத்துப் படிக்கிறார்கள். நல்ல வெளிச்சம், நல்ல நாற்காலி. ஒரு நாள் முழுக்க அதற்கென்றே ஒதுக்க முடிகிறது அவர்களுக்கு. எங்களுக்கு அப்படி நேரம் கிடையாது. வேலைக்கு நடுவில்தான் அது வந்து உட்காருகிறது. எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

ஐந்தரைக்குத் தெருமுனையில் திரும்பும்போதே ஐந்து பேரும் வாசலில் நின்றார்கள்.

“என்னாச்சு மதினி, பாஸா பெயிலா? வாயத் தொறங்களேன்!” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

பெருவிரலை உயர்த்திக் காட்டினேன்.

“ஏட்டி, பாத்துட்டு நிக்காதிய. இன்னும் வெளிச்சம் கெடக்கு. தட்ட எடுங்க.”