சந்தனம் பூசிய நம்பர் பிளேட்

எங்கள் வீட்டுக்குத் தபால் வர வேண்டுமானால், நான் ஒரு தடவைகூடக் கால் வைக்காத மெர்சின் என்ற துருக்கி நகரத்தின் பெயரை முகவரியில் எழுத வேண்டும். நாங்கள் இருப்பது சைப்ரஸ் தீவின் வடக்குப் பாதியில். மெர்சின் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வடக்குப் பாதியைத் துருக்கியைத் தவிர வேறு எவரும் ஒரு நாடென்று ஏற்றுக்கொள்ளாததால், உலகத்துத் தபால்காரர்களின் கணக்கில் எங்கள் தெரு கிடையாது. இலங்கையில் மாத்தளைத் தோட்டமொன்றில் பிறந்த எனக்கு இது புதிதில்லைதான். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கும் முகவரி இருந்ததில்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போய், கணக்கப்பிள்ளைக்கு மனசு வந்தால் எங்கள் கைக்கு வரும். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது விளங்கும். என்னைப் போல வெளியே வந்து கிடக்கிறவர்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

தபாலைக்கூட மறந்துவிடலாம், காரை மறக்க முடியாது. நான் முதலில் வந்தது தெற்குப் பாதிக்கு. நிகோசியாவில் ஒரு கிழவியைப் பராமரிக்கும் வேலை. அங்கே ஒரு கராஜில் வேலை செய்ய வடக்கிலிருந்து தினமும் எல்லை தாண்டி வந்துபோன ஹசனைக் கல்யாணம் செய்துகொண்டு வடக்குக்குப் போனேன். அவர்தான் ஒரு பழைய காரைத் திருத்தி எனக்கு ஓட்டக் கற்றுத் தந்தார். இங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் சீக்கிரம் பழகிவிட்டது. தெற்குக் கார்களின் நம்பர் பிளேட்டில் ஓரமாக ஒரு நீலப் பட்டை, அதற்குள் ஐரோப்பிய ஒன்றியத்தின் நட்சத்திர வட்டம் இருக்கும். எங்களுடையதில் இரண்டு எழுத்தும் மூன்று எண்ணும் மட்டும்தான். அந்தப் பிளேட்டோடு தெற்கில் ஓட்டத் தடையில்லை, எல்லையில் இன்சூரன்ஸ் எடுத்தால் போதும். ஆனால் பார்வைக்கு இன்சூரன்ஸ் கிடையாது. சிக்னலில் பக்கத்துக் காரில் நிற்பவர் முதலில் பிளேட்டைப் பார்ப்பார், பிறகு என் கறுத்த முகத்தைப் பார்ப்பார், இரண்டையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வர முடியாமல் விழிப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நிகோசியாப் பூங்காவில் நம் ஆட்கள் கூடுவார்கள். ஒருநாள் உக்குவெல ஊர்க்கார மேரி அக்கா என் காரைச் சுற்றி வந்து, "ஏன் தனம், இது கள்ளக் காரா? கொடியும் இல்ல, ஒன்னும் இல்ல" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த வாரத்திலிருந்து காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, பஸ்ஸில் வந்தவள்போல நடந்து போனேன்.

இந்த வெட்கம் ஒரு காரைப் பற்றியது மட்டுமல்ல. அப்பா ரத்தொட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டினவர். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் லொறியை இறக்குவதைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். ஆனால் அவருக்குப் பிரஜாவுரிமை இல்லை. தாத்தா காலத்தில் தோட்டத் தமிழரிடமிருந்து அரசாங்கம் பறித்தது, அவர் காலத்திலும் திரும்பி வரவில்லை. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாதவருக்கு லைசன்சும் இல்லை. ஆகவே தோட்டத்து ரோட்டுக்குள் மட்டும்தான் அவர் டிரைவர். பெரிய ரோடு தொடங்கும் பாலத்தடியில் லொறியை நிறுத்தி இறங்கிக்கொள்வார். அங்கே காத்திருக்கும், லைசன்ஸ் உள்ள பியதாச மாமா ஸ்டியரிங்கைப் பிடிப்பார். அப்பா மறுபக்கம் ஏறி, கிளீனர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து மாத்தளைக்குப் போவார். பியதாச மாமா நல்ல மனிதர். பாலத்தடியில் எப்போதும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் ஏறுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். கடைசியில் அட்டை கிடைத்தபோது நான் சின்னப் பிள்ளை. லைசன்ஸ் எடுத்த அன்று அப்பா எங்களை லொறியின் முன்சீட்டில் ஏற்றி, பாலத்தடியில் நிற்காமல் மாத்தளை டவுன் வரைக்கும் ஓட்டினார். போகிற வழியெல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனார்.

அப்பேர்ப்பட்டவரின் மகள் நான். எங்களை ஏற்றுக்கொள்ளும் ஒரு நாட்டுக்காக இரண்டு தலைமுறை காத்துக் கிடந்த குடும்பத்திலிருந்து கிளம்பி, யாருமே ஏற்றுக்கொள்ளாத ஒரு நாட்டில் என் விருப்பத்தோடு போய் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்கு நான் சொன்னதெல்லாம் 'சைப்ரஸ்', 'ஐரோப்பா' என்ற இரண்டு சொற்கள்தான். பொய்யில்லை. ஆனால் உண்மையும் இல்லை. அப்பா மகளையும் மருமகனையும் பார்க்க வருகிறேன் என்று விசா எடுத்து, டிக்கெட்டும் போட்டுவிட்டார். தெற்கில் லார்னகா விமானநிலையத்தில் இறங்குவார். நான் இந்தக் காரில்தான் போய் அழைத்து வர வேண்டும். வாழ்நாள் முழுக்க வண்டியோடு கிடந்த மனிதர், பிளேட்டைப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

ஆயுத பூசை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் தோட்டத்தில் அன்றைக்கு லொறிக்குத்தான் முதல் மரியாதை. மாலை போட்டு, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, நம்பர் பிளேட்டில் சந்தனமும் குங்குமமும் வைப்போம். "மூலையில வைய்யி. நம்பர் மேல படக் கூடாது, பொலிசு நிப்பாட்டுவான்" என்று அப்பா சொல்லுவார். நான் இங்கே சந்தனத்தைக் குழைத்து, மூலையில் வைக்கவில்லை. முன்னும் பின்னும் எழுத்தும் எண்ணும் மறைகிற மாதிரி அப்பினேன். நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன். ஹசன் பார்த்துவிட்டு, காருக்கு மேக்கப்பா என்று கேட்டுச் சிரித்தார். எங்கள் சாமி வழக்கம் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், ஆனால் அந்த நேரம் எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

எல்லையில் தெற்குப் பக்கத்துப் பொலிஸ்காரர் காரைக் கண்டதும் கூண்டிலிருந்து இறங்கி வந்தார். நடுத்தர வயது, களைத்த முகம். ஆங்கிலத்தில், நம்பரை ஏன் மறைத்திருக்கிறாய் என்று கேட்டார். மறைக்கவில்லை, இது எங்கள் மதம், வண்டியை ஆசீர்வதிப்பது என்றேன். அவருடைய முகமே மாறிவிட்டது. தன்னுடைய அம்மாவும் புதுக் கார் வாங்கினால் பாதிரியாரை அழைத்து வந்து தண்ணீர் தெளிக்கச் சொல்வார் என்றார். பிறகு, "நான் இதைத் தொடக் கூடாது, அப்படித்தானே?" என்று கேட்டார். தொடக் கூடாது என்று தலையாட்டினேன். உள்ளே போய் ஒரு தண்ணீர்ப் போத்தலும் டிஷ்யூவும் கொண்டுவந்து கொடுத்து, எண் தெரிகிற அளவுக்கு மட்டும் நீயே துடைத்துவிடு, மற்றதை விட்டுவிடு என்றார். நான் குனிந்து துடைத்தபோது, கோயிலுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதுபோல முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கும்பிடுகிற சாமியின் பெயரைச் சொல்லி ஒரு நல்ல மனிதரை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குக் கூசியது. பின்பக்கத்தைப் பார்க்க அவர் வரவில்லை. நானும் சொல்லவில்லை.

அப்பா விமானநிலையத்தில் கோட்டும் தொப்பியுமாக வந்தார். என்னைக் கட்டிப்பிடிக்கும் முன்னே கடவுச்சீட்டைத் திறந்து, "பாரு தனம், பளிச்சுன்னு குத்தியிருக்கான்" என்று முத்திரையைக் காட்டினார். நான் அவரை முன்கதவுப் பக்கம் கூட்டிப்போகப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. பெட்டியைத் தானே டிக்கியில் வைப்பேன் என்று பின்னால் போனவர், அங்கே நின்றுவிட்டார். பிளேட் முழுக்கக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"வெளிநாட்டுக்கு வந்தும் மறக்கலயே புள்ள நீ" என்றார். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, அந்தப் பிளேட்டைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். பக்கத்தில் பெட்டி தள்ளிக்கொண்டு போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் கும்பிட்ட பிறகு அதைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். ரோடு நம்ம தம்புள்ள ரோடு மாதிரி நேராக இருக்கிறது என்றார், வெயிலைப் பார்த்தால் லக்கல பக்கம் மாதிரி இருக்கிறது என்றார். தெற்கு எல்லையில் நல்ல கூட்டம், கடவுச்சீட்டைப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். நடுவில் ஆளில்லாத வீடுகளையும் துருப்பிடித்த முள்வேலியையும் தாண்டி வடக்குப் பக்கம் வந்தோம். அங்கே இருந்த இளைஞர் அப்பாவின் கடவுச்சீட்டை மெஷினில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்பா அதை உள்ளே வைக்கவில்லை. ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து நீட்டி, முஷ்டியால் அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். இளைஞர் அது ஏதோ வணக்கம் என்று நினைத்து, தன் முஷ்டியை அப்பாவின் முஷ்டியோடு மெதுவாக முட்டினார். பின்னால் கார்கள் ஹோர்ன் அடித்தன, நான் காரை எடுத்துவிட்டேன்.

"முத்திர குத்தலயே. மறந்துட்டான். திருப்பு, போய்க் கேப்போம்" என்றார் அப்பா.

"மறக்கலப்பா. இங்க குத்த மாட்டாங்க."

"ஏன்?"

ரோட்டோரமாகக் காரை நிறுத்தினேன். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "இந்தப் பக்கத்த நாடுன்னு யாரும் ஏத்துக்கலப்பா. இங்க குத்துனாலும் வேற எங்கயும் செல்லாது. இந்தக் காரோட நம்பரும் அப்படித்தான். நான் ஒங்ககிட்ட சொல்லல."

அப்பா கடவுச்சீட்டை மூடி, சட்டைப் பையில் வைத்து, பையைப் பொத்தானிட்டார்.

"ஒன்னோட பாஸ்போட்டு?"

"சிலோன் பாஸ்போட்டுதாம்பா. அப்படியே இருக்கு."

"அத மட்டும் கைய விட்டுறாத" என்றார். பிறகு, மெதுவாக, "அதுக்குத்தான் பின்னால அப்படி அப்பி வச்சிருந்தியா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"நான் கும்புட்டுட்டேனே."

கோபமாகச் சொல்லவில்லை. அறியாமல் யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு வந்துவிட்டவர் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு ஓட்டினேன். வீட்டு வாசலில் ஹசன் அவருடைய கையைப் பிடித்து முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டபோது, இது இங்கத்தைய வழக்கம் என்று தெரியாத அப்பா பதறிப்போய், தானும் குனிந்து ஹசனின் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றினார். ஹசனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வெளியே வந்தபோது, அப்பா இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியும் துணியுமாகக் காரடியில் குந்தியிருந்தார். இரண்டு பிளேட்டையும் பளபளவென்று கழுவியிருந்தார். நான்கு மூலைகளிலும் கடுகளவு சந்தனம் வைத்து, எழுத்தும் எண்ணும் தெளிவாகத் தெரிய விட்டிருந்தார். "வண்டிய ஒளிச்சி வைக்கக் கூடாது புள்ள, பாவம்" என்றார். எனக்கு மனசு கொஞ்சம் இலேசாகியது. அப்பா ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

தேத்தண்ணீர் குடித்து முடித்ததும், ரத்தொட்டையிலிருக்கிற அண்ணனுக்கு அனுப்ப ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார். "லயத்துல எல்லாருக்கும் காட்டுவான். காரோட எடு." மடித்துக் கட்டிய சாரத்தைக் கீழே இறக்கிவிட்டு, தலையைச் சீவி, காரின் முன்னால் வந்து நின்றார். நான் போனைத் தூக்கினேன்.

"காரு முழுசா வருதா?"

"வருதுப்பா."

அவர் குனிந்து கீழே ஒரு தடவை பார்த்தார். இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்தார். பிறகு சாரத்தின் இரண்டு பக்கத்தையும் கையால் பிடித்துக் கொஞ்சம் அகலமாக விரித்துக்கொண்டார்.

"இப்ப நம்பர் தெரியுதா?"

"தெரியலப்பா."

"அப்ப எடு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.