ரேடியோவுக்குப் பின்னால் இருந்த மாப்பிள்ளை

பிள்ளைகளே, போன கிழமை நீங்கள் இரண்டு பேரும் போனில் ஒரு பழைய பாட்டைப் போட்டுச் சிரித்தீர்கள். வெள்ளிக் கோட்டும் காலில் செங்கல் உயரச் சப்பாத்துமாக, கண்ணைச் சுற்றி மையும் கன்னத்தில் மினுங்கலும் பூசிய ஓர் ஆண்பிள்ளை கிட்டாரோடு குதித்துக்கொண்டிருந்தார். இதையா வாப்பா கேட்டீங்க என்று மகள் கேட்டாள். அதற்குக் கிளாம் ராக் என்று பெயர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நீங்கள் சிரித்தது பிழையில்லை. ஆனாலும் நான் ஏன் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் கல்முனைக்குடி வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. பின்னேரங்களில் ஆங்கில ஒலிபரப்பில் அந்தப் பாட்டுகள் வரும். அதற்கு முந்திய இங்கிலாந்துப் பாட்டுகள் நீளமானவை. கிட்டார்க்காரர் வாசிக்கத் தொடங்கினால் உம்மா சோறு வடித்து இறக்கினாலும் அவர் இறக்கமாட்டார். இவை அப்படியில்லை. காலால் தரையை உதைப்பது போல ஒரு மேளம், அதோடு கைதட்டு, வாய்க்கு வருகிற ஒரு வரி, உடனே முடிந்துவிடும். சொல் ஒன்றும் எனக்கு விளங்காது. அந்த வரி வரும்போது மட்டும் நானும் சேர்ந்து கத்துவேன்.

என் வாப்பாவுக்குக் கல்முனை பசாரில் புடவைக்கடை. எனக்குப் பள்ளிச் சோதனையில் புள்ளி குறைந்ததிலிருந்து அவருக்கு அந்த ரேடியோவைக் கண்டால் ஆகாது. இன்னொரு குழப்படி நடந்தால் அதைக் கடைக்குக் கொண்டுபோய்விடுவதாகச் சொல்லியிருந்தார். அது போனால் எனக்கு அந்தப் பாட்டுகளைக் கேட்க வேறு வழியில்லை.

அந்த நாட்களில்தான் கொழும்பிலிருந்து கடைக்கு வந்த பொத்தான் பெட்டியின் அடியில், மடித்து வைத்த ஆங்கிலச் சஞ்சிகைத் தாள் ஒன்று கிடைத்தது. அதில் அப்படியொரு பாடகரின் கலர்ப் படம். குரலை மட்டும் கேட்டிருந்த எனக்கு அப்போதுதான் ஆள் எப்படி என்று தெரிந்தது. ஆளை மட்டும் சுற்றிவர வெட்டி, மட்டையில் ஒட்டி, ரேடியோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

ஒளிக்கிற இடமா அது? அந்த வருடம் என் மூத்த சகோதரி ராத்தாவுக்கு, உங்கள் மாமிக்கு, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரகர் தரும் படங்களை உம்மாவும் அங்கேதான் வைப்பார். மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு செய்தி கேட்க வரும்போது வாப்பா எடுத்துப் பார்ப்பார்.

ஒரு நாள் என் படம் அவர் கையில் வந்தது. கண்ணாடியைப் போட்டு வெளிச்சத்துக்குப் பிடித்தார். எங்கள் பக்கத்தில் ஓர் ஆண் கண்ணில் சுறுமா மையும் மேலில் சரிகைக் கோட்டுமாகப் படத்துக்கு நின்றால், அது அவருடைய கலியாண நாளாகத்தான் இருக்கும். வாப்பா உம்மாவைக் கூப்பிட்டார்.

“புள்ள, தரகருக்கு என்ன பிடிச்சிரிக்கி? கலியாணம் முடிச்ச மாப்பிள்ளைட படத்தத் தந்திரிக்காரே.”

உம்மா வந்து பார்த்துவிட்டு, தான் வைத்த படம் அதில்லை என்றார். அறைக்கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ராத்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“எனக்கு வேணாம் வாப்பா. அவருட உயரம் எல்லாம் சப்பாத்துலதான் கிடக்கு.”

நான் உண்மையைச் சொன்னேன். வாப்பாவின் கை ரேடியோவின் மேல் போய் நின்றது. தூக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“கலியாணம் இல்லாமயே இப்படி உடுத்து வெளிக்கிடுவானுகளா?”

“ஓம் வாப்பா. பாடப் போற நாளெல்லாம்.”

“உம்மா வாப்பா ஏச மாட்டாங்களா?”

“ஏசியிருப்பாங்க.”

வாப்பாவுடைய கலியாணக் கோட்டு, பளபளக்கும் பட்டில் தைத்தது, கற்பூரம் போட்டு எங்கள் பெட்டகத்தில் கிடந்தது. அதற்குப் பிறகு அவர் அதை உடுத்து நாங்கள் கண்டதில்லை. இடுப்பில் சங்கு மார்க் சாரனும் மேலில் வெள்ளைச் சட்டையும்தான் அவருக்கு எந்நாளும்.

“எங்களுக்கெல்லாம் ஒரு நாள்தான் கிடைச்சிது” என்றார். ரேடியோவிலிருந்து கையை எடுத்து, படத்தை என்னிடம் தந்தார். செய்திக்குத் திருப்பினார்.

பிள்ளைகளே, பிறகு நான் அங்குமிங்கும் வாசித்ததில், அந்தப் பாடகர்களில் பலர் இங்கிலாந்தின் புகை படிந்த தொழிற்சாலை ஊர்களில், தகப்பனுக்குப் பின்னால் மகனும் அதே வேலைக்குப் போகிற வீடுகளில் பிறந்தவர்கள் என்று அறிந்தேன். அங்கே கலர் டெலிவிஷன் வந்த காலத்தில் இவர்கள் மினுங்கிக்கொண்டு அதில் வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் பைத்தியமானார்கள். சில வருடத்தில் அந்த மோகம் அடங்கியும் விட்டது. ஆனால் அதன் கவர்ச்சி என்னவென்பது, வாப்பா அன்றைக்குக் கேட்ட கேள்வியில் எனக்கு விளங்கியது போல எந்த வாசிப்பிலும் விளங்கவில்லை. கலியாணம் இல்லாத நாளிலும் மாப்பிள்ளையாக இருக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

ராத்தாவின் கலியாணத்தன்று மாப்பிள்ளை எங்கள் வாசலில் வந்து இறங்கினார். அளவான சுறுமா, மங்கல் நிறத்தில் ஒரு கோட்டு, சாதாரணச் சப்பாத்து. வாப்பா அவரைக் கைபிடித்து உள்ளே அழைத்து இருத்திவிட்டு, என் காதுக்குக் கிட்ட வந்தார்.

“நல்ல மனிசன்தான். ஆனா உன்ட ஆளுக்குக் கிட்டவும் வராது.”