பாதி திறந்த பூத் கதவு

தலைச்சோலையில் பங்குதாரர்கள் காபி விலை பேச உட்கார்ந்தால் அப்பா மட்டும் ஏன் வெளியே போய் நிற்கிறார் என்று கேட்டீர்கள். எட்டாவதோடு நின்றவன் நான், தெரிந்தமட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எஸ்.டி.டி. போன் பூத் வைத்தேன். மலைக்கே புதுசு கொண்டுவந்துவிட்டதாக எனக்கு நினைப்பு. தலைச்சோலைக்காரர்கள் கோயிலுக்குள் போவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கண்ணாடிக் கூண்டுக்குள் போவார்கள். புழுக்கம் தாங்காமல் கதவைப் பாதி திறந்து வைப்பார்கள். பெங்களூரில் காபி விற்றுக்கொடுக்கும் சொந்தக்காரரிடம், 'கூடக் கேட்டுப் பார், ஆகாவிட்டால் இந்த விலை வரை இறங்கு' என்பார்கள்.

கொஞ்ச நாளில், அந்தக் கடைசி விலையையே உள்ளூர்த் தரகர் ஒருவர் மறுநாள் அவர்கள் தோட்டத்தில் போய்க் கேட்க ஆரம்பித்தார். ஒரு பைசா கூட்டவில்லை. சந்தேகம் என்மேல் விழுந்தது. பின்னறையில் இன்னொரு போன் வைத்து நான் ஒட்டுக் கேட்பதாகப் பேச்சு. பின்னறையில் போன் இருந்தது உண்மை. அது உங்கள் அம்மா பேசுவதற்கு. யார் நம்புவார்கள்? ஒரு போன் பேச மலை இறங்கி சேலத்துக்கே போனார்கள். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் பூத்தை மூடவேண்டியதுதான்.

மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்ற ஒருநாள், தலைச்சோலை விவசாயி ஒருவர் வேறு வழியில்லாமல் மனைவியோடு வந்தார்.

“ஏனுங்க, இன்னிக்கும் உள்ளார உக்காந்து கேப்பீங்களாட்டம்?”

“அவங்க பேசட்டுங்க. நீங்க எங்கூட வெளிய பெஞ்சுல உக்காருங்க,” என்றேன்.

அந்தம்மா உள்ளே போனார். பெங்களூர் தூரமாயிற்றே, கத்தினார். “தம்பீ! நொம்ப இழுத்தான்னா அந்த வெலைக்கே தள்ளிரு சாமி!” விலையும் சேர்ந்து வெளியே வந்தது. பெஞ்சின் மறுகோடியில், தினமும் அங்கே பேப்பர் படிக்கும் அந்தத் தரகர். பேப்பர் முகத்தை மறைத்திருந்தது. ஆனால் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

விவசாயி எழுந்தார். “அட, இவ கத்துறதுக்குப் போனே வேண்டாமாட்டம் இருக்குது!”

தரகர் பேப்பரை மடித்து டீக்கடைப் பக்கம் நழுவினார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

விவசாயி என் பக்கம் திரும்பினார். “செரிங்க. இந்தாளு தெனமும் இங்கதான உக்காந்திருக்கறான். உங்களுக்குத் தெரியாதுங்களா?”

தெரியும். தரகர் தினம் நாலு கால் பேசும் வாடிக்கை. அதனால்தான் அத்தனை நாளும் அவரை எழுப்பி அனுப்பவில்லை. அன்றைக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“தெரியுமுங்க.”

வெளியே வந்த அந்தம்மா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “ஒட்டுக் கேக்கறவனுக்குப் பெஞ்சு போட்டுக் குடுத்திருக்கறீங்க.”

மறுநாளே பெஞ்சை எடுத்தேன். மெல்ல மெல்ல ஆட்கள் திரும்பினார்கள். கதவை இறுக்கிச் சாத்தி, வேர்க்க வேர்க்கப் பேசினார்கள்.

சில வருஷம் கழித்து அந்தக் குடும்பம் நாலைந்து பேரோடு சேர்ந்து காபிப் பழம் உரிக்கும் மெஷின் வாங்கியபோது, பூத்தில் மிச்சம் பிடித்ததைப் போட்டு நானும் சேர்கிறேன் என்று போய் நின்றேன். ஆண்கள் தலையாட்டினார்கள். அந்தம்மா யோசித்தார்.

“போடுங்க. வெலை பேசறப்ப மட்டும் வெளிய நில்லுங்க.”

அதனால்தான் நிற்கிறேன். ஆனால் அந்தம்மா இன்னும் கத்தித்தான் பேசுகிறார். காபி காயவைக்கும் களத்தில் நின்றால் ஒரு எழுத்து விடாமல் கேட்கிறது. அதனால் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் நடந்துபோய் நின்றுகொள்கிறேன்.