பைறூஸ் சேர் புத்தகம் போட்ட கதை

முசலிப் பக்கத்தில் பைறூஸ் சேரிடம் விஞ்ஞானம் படிக்காத பிள்ளைகள் குறைவு. இருபது வருடமாக ரியூசன் கொடுக்கிறார். அவர் அடித்துக் கொடுக்கும் ரியூட் தாள்களில் கேள்வி மட்டும்தான் இருக்கும். விடை அவர் வாயில் இருக்கும். வகுப்புக்கு வந்தால்தான் கிடைக்கும்.

அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு ஒருநாள் வயிறு பற்றி எரிந்தது. முன்வரிசை வாங்குப் பிள்ளையின் கையில் விடத்தல்தீவு றெனால்ட் எழுதிய விஞ்ஞான வினாவிடைப் புத்தகம்! ஆசிரியர் கலாசாலையில் இவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவன். அந்தக் கிழமையே பைறூஸ் தன் ரியூட்டுகளைச் சாக்கில் கட்டி பஸ் ஏறினார். மன்னார் ரவுணில் நிறஞ்சலாவின் அச்சகத்தில்தான் இறக்கினார்.

"எல்லாத்தையும் போடவேண்டாம் சேர். பதினோராம் ஆண்டை மட்டும் போடுங்கோ, நல்லாப் போகும்" என்றாள் நிறஞ்சலா.

"றெனால்டின்ர எத்தினை பக்கம்?"

"இருநூறு."

"அப்ப எனக்கு முந்நூறு."

"உங்கட விருப்பம். ஆனா இன்னொரு விஞ்ஞான சேர் பாக்காமல் நாங்கள் அடிக்கிறேல்லை. உங்கட பேரை எடுத்துப்போட்டுத்தான் குடுப்பம். பாக்கிறவர் ஆரெண்டு நீங்களும் கேக்கப்படாது."

முனகிக்கொண்டு ஒத்துக்கொண்டார். வீட்டில் குந்தியிருந்து, வாழ்நாளில் முதல்தடவையாக விடைகளை எழுத்தில் வைத்தார். முடிந்தபிறகுதான் கண்ணில் பட்டது: புத்தகத்தின் கடைசியில் சேர்த்த மாதிரிப் பரீட்சையின் பதினேழாவது கேள்வியைப் போல ஒன்று றெனால்டின் புத்தகத்திலும் இருக்கிறது. அவனைப் பார்த்துக் கொப்பியடித்ததென்று ஊர் சொல்லுமே! அந்தக் கேள்வியை வெட்டி எறிந்தார்.

இரண்டு கிழமை கழித்து, பிழை பார்த்த அச்சுப் புரூப் வந்தது. மாதிரிப் பரீட்சையின் விடைகளில் பதினேழிலிருந்து கடைசிவரை சிவப்புப் பேனை. கேள்வியை வெட்டியவர் அதன் விடையை வெட்டவில்லை. மிச்ச விடையெல்லாம் ஓரிடம் தள்ளி நின்றது. அப்படியே அச்சாகியிருந்தால் முசலியில் தலைகாட்டியிருக்க முடியாது. மூச்சு விட்டுக்கொண்டு அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தார். கலாசாலையில் இவருடைய கொப்பியில் நோட்ஸ் எழுதித்தந்த கை.

அடுத்த பஸ்ஸில் அச்சகத்துக்குப் போய் இறங்கினார். "றெனால்டோ பாத்தவன்?"

"கேக்கப்படாதெண்டு சொன்னனான்."

"என்ர எண்டு தெரியுமோ அவனுக்கு?"

"மூண்டாம் பக்கத்திலயே பிடிச்சிட்டார். நல்ல கேள்வியளாம். தன்ரயை விடத் திறமாம்."

பைறூசுக்கு அதுதான் கூட எரிந்தது. குறை சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். விடைகளைத் திருத்திக் கொடுத்தார்.

"இனி ஒளிக்கிறதுக்கு என்ன சேர்? நன்றிப் பக்கத்தில அவற்ற பேரைப் போடுவமோ?"

"போடுங்கோ. ஆகச் சின்ன எழுத்தில போடுங்கோ."

"வாசிக்கேலாமல் போயிடும்."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."