தஹ்சினாவின் கருவி அழித்த நாற்பத்தேழு முகவரிகள்

சில்ஹெட்டில் வெள்ளம் ஏறிய இரண்டாம் நாள், படகு கேட்பவர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினோம். சிக்கியவர்கள் பெயர், ஊர், கைபேசி எண் பதிய வேண்டும்; படகுக்காரர்கள் பட்டியலைப் பார்த்துக் கிளம்புவார்கள். ரெஸ்வான் பாய் ஆறே மணி நேரத்தில் கட்டிய தளம் அது.

எங்களோடு வேலை செய்த தஹ்சினாவுக்கு இணையதளங்களில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. பெயர் கேட்கும் கட்டத்தில் யாராவது ஒரு நிரல் வரியை எழுதினால், தளம் அதை வெறும் எழுத்தாகத்தான் காட்ட வேண்டும். பார்ப்பவர் திரையில் அதை ஓடவிட்டால் தகவல் களவு போகும். இதைச் சோதிக்க அவளே ஒரு கருவி எழுதி வைத்திருந்தாள். கண்ணில் படும் கட்டங்களிலெல்லாம் அது தானாகவே நிரலைப் போட்டுப் பார்க்கும்.

"பாய், இத்தனை பேர் நம்பர் இருக்கு. ஏமாத்துறவனுங்க சுத்துறானுங்க. ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா?"

"சீக்கிரம் பாரு" என்றார், போனைக் காதிலிருந்து எடுக்காமல்.

நான்காவது நிமிடம் ஓட்டை அகப்பட்டது. தஹ்சினா சிரித்தாள். அதற்குள் படகுக்காரர் கமருல் சாச்சா போனில் கத்தினார்.

"என்னம்மா லிஸ்ட் இது? ஊர் பேரு இருந்த இடத்துல கோடும் புள்ளியுமா இருக்கு! இந்த ஊருக்கு எந்தப் பக்கம் துடுப்புப் போடணும்?"

ஒவ்வொரு பதிவின் கீழும் 'திருத்து' என்று ஒரு பொத்தான் இருந்தது. கருவி அதற்குள்ளும் நுழைந்து, நாற்பத்தேழு வீடுகளின் விவரத்தை அழித்துத் தன் சோதனை வரியை எழுதிவிட்டிருந்தது.

"நகல் இருக்கும்ல பாய்? எங்கயாவது இருக்கும்ல?" மூன்று முறை கேட்டாள். நகல் எடுக்க யாருக்கு நேரம் இருந்தது?

என் கணினியில் காலையில் திறந்த பட்டியல் அப்படியே கிடந்தது. அதை நோக்கிக் கை நீட்டினேன்.

"ஆபா, தொடாதீங்க! எதையும் அமுக்காதீங்க! பக்கம் புதுசாயிட்டா பழைய லிஸ்ட் போயிடும்!" அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

அதில் இருபத்தொன்பது வீடுகள் கிடைத்தன. படகுக்காரர்கள் பட்டியலைக் கைபேசியில் எடுத்திருந்த படங்களில் பதின்மூன்று. பிறகு தஹ்சினா தன் பெயரைப் போட்டே தளத்தில் எழுதினாள்: 'நான்தான் அழித்துவிட்டேன். படகு வராதவர்கள் மறுபடி பதியுங்கள்.' வசவு கொட்டியது. அதற்கு நடுவே மூன்று வீடுகள் வந்தன.

பாக்கி இரண்டு. ஒன்று எனக்கு நினைவிருந்தது. தாஹிர்பூர் பக்கம், நிறைமாதக் கர்ப்பிணி. பதிந்தவர் அவளுடைய அண்ணன். ஊர்ப் பெயர் மட்டும் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

தஹ்சினா கமருல் சாச்சாவின் படகில் ஏறினாள். கூரை கூரையாகக் குரல் கொடுத்து இரண்டு நாள் தேடினார்கள். ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் அந்தப் பெண் கிடைத்தாள், காய்ச்சலோடு. குழந்தை பிறந்து ஒரு நாள் ஆகியிருந்தது, உயிரோடிருந்தது.

நாற்பத்தேழாவது வீடு எது என்று இன்றுவரை தெரியாது.

தண்ணீர் வடிந்த பிறகு தஹ்சினா ஊர் ஊராகப் போய், "படகு கேட்டு எழுதினீங்களா? வந்துச்சா?" என்று விசாரித்தாள். நிவாரணக் கணக்கெடுக்க வந்தவள் என்று நினைத்து, எல்லோருமே "எழுதினோம், வரல" என்றார்கள். அத்தனை பெயரையும் எழுதிக்கொண்டு வந்தாள்.