றோஸ்மலர் வீட்டு அடுப்பு

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் தெருவில் யார் இறந்தாலும் முதலில் வந்து சேர்வது றோஸ்மலரின் இடியப்பம்தான். ஆள் கண்ணை மூடுமுன்பே அவள் மாவைக் குழைத்துவிடுவாள் என்று நான் சொல்வதுண்டு. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனாலும் முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு செத்தவீட்டையும் அவள் தவறவிட்டதில்லை. அடக்கம் முடியும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்தான் மூன்று நேரமும் சாப்பாடு கொடுக்கவேண்டும். எந்த வீடு எந்த நேரம் என்று லிஸ்ற் போடுவது நான். காலைச் சாப்பாட்டை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

றோஸ்மலர் சீனத்தி. தகப்பன் யாழ்ப்பாணத்தில் பல்லுக் கட்டிய சீனர், தாயும் சீனத்தி. இவள் பிறந்தது யாழ்ப்பாணத்தில், படித்தது கன்னியாஸ்திரிகளிடம், பெயர் வைத்ததும் அவர்கள்தான். சீன மொழியில் பத்துவரை எண்ணுவாள். அதிலும் ஏழு அடிக்கடி மறந்துபோகும். புருஷன் பீற்றர், திருகோணமலையில் சைக்கிளில் பட்டுத்துணி விற்ற சீனரின் மகன். இலங்கை இருவருக்கும் குடியுரிமை கொடுக்கவில்லை. சீனாவை இருவரும் கண்ணால் கண்டதில்லை. எண்பத்தாறில் அகதியாக வந்திறங்கியபோது இவளைத் தமிழ்ச்சனத்தோடு சேர்க்க அதிகாரிக்கு மனம் வரவில்லையாம். மொழிபெயர்க்க வந்தவரின் தமிழில் இவள் பிழை பிடித்த பிறகுதான் மனுசன் நம்பினாராம்.

அது அவள் சொன்ன கதை. நான் கட்டிவிட்ட கதை வேறு.

தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் "அந்தச் சீன அன்ரி ஆர்?" என்று கேட்டால் என் வாய் சும்மா இராது. லண்டன் சைனா ரவுண் கடைத்தெருவில் பாதிக் கடை அவளுடைய சொந்தக்காரருடையது, ஒரு போன் போட்டால் நாலு பஸ் நிறையச் சனம் வந்திறங்கும் என்று அடித்துவிடுவேன். றோஸ்மலர் பக்கத்தில் நின்று சிரிப்பாள்.

"அக்கா, நாலு காணாது. ஆறு எண்டு சொல்லுங்கோ."

போன மாசியில் பீற்றர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. நாங்கள் ஆஸ்பத்திரிக்கே போய் அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வந்தோம். அன்று பின்னேரம் நாலாம் வீட்டுத் துசியந்தி எனக்குப் போன் எடுத்தாள்.

"அன்ரி, லிஸ்ற் போடுவமோ?"

"பொறு பிள்ளை. அவையளுக்கு வேற முறை ஏதும் இருக்கும்."

"ஓம், சொந்தக்காரரும் வந்து நிறைஞ்சிருப்பினம். அவ்வளவு சனம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அது பொய் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். என் கதையை இன்னொருத்தியின் வாயால் கேட்டபோது, யாராவது தூரத்துச் சொந்தம் இருக்கத்தான் செய்யும் என்று எனக்கே பட்டது. நடுவில் போய் அவர்கள் முறையைக் குழப்பாமல் இருப்பதுதான் மரியாதை என்றும் நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் போனேன். சீனருக்கு வெள்ளைதான் துக்க நிறம் என்று போனில் தேடிப் படித்துவிட்டு, வெள்ளைப் பூங்கொத்து ஒன்றும் வாங்கிப் போனேன். கதவைத் திறந்தவள் பூவைப் பார்த்தாள், பிறகு என் மற்றக் கையைப் பார்த்தாள். அது வெறுங்கை.

வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. குசினியில் அடுப்பு துடைத்தபடி இருந்தது. சாப்பாட்டு மேசையை இழுத்து நீட்டி, வருகிற சட்டிகளை வைக்க இடம் விட்டு, ஓரத்தில் கோப்பைகளை அடுக்கியிருந்தாள்.

"சாப்பிட்டியே றோஸ்?"

"பிஸ்கற் சாப்பிட்டனான்."

"நாலு நாளும் பிஸ்கற்றே? ஏதும் சமைச்சிருக்கலாமே."

"வியாழக்கிழமைதானே அக்கா அடக்கம். அதுக்கு முதல் எப்பிடி அடுப்பு மூட்டுறது?"

கதிரையில் இருந்தபடி, கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

"உன்ரை ஆக்கள் ஒருத்தரும் வரேல்லையே?"

அவள் பூவைத் தண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நீங்கள் இப்பதானே வந்திருக்கிறியள்."

அன்று பின்னேரமே ஏழு வீட்டுச் சாப்பாடு போய்ச் சேர்ந்தது. வாசலில் நின்று ஒவ்வொன்றாக வாங்கினாள். செத்தவீட்டுச் சாப்பாட்டுக்கு எங்களில் யாரும் நன்றி சொல்வதில்லை, அது பிறத்தியாருக்குச் சொல்வது; அவளுக்கு நானும் இத்தனை வருடத்தில் சொன்னதில்லை. அன்று அவள் ஏழு பேருக்கும் நன்றி சொன்னாள். துசியந்திக்குச் சொன்ன அதே குரலில் எனக்கும் சொன்னாள்.